வலது பக்கத்து ஆசனம்

பூமியில் பறந்த விண்கலங்கள் – 14

மாஸ்கோவுக்கு அருகே ஜுக்கோவ்ஸ்கி என்னும் ஊரில், விமானப் பரீட்சைகள் நடத்தும் ஸ்தாபனமொன்றின் கட்டடத்துக்குள், தரையை விட்டு ஓர் அங்குலமும் எழும்பாத வஸ்தோக் கலமொன்று நிறுத்தப்பட்டிருந்ததையும், செர்கேய் தாரெவ்ஸ்கி என்ற நிபுணரின் குழுவினர் அதற்குக் கருவிப் பலகை அமைத்துக் கொடுத்ததையும், 1961 ஜனவரியில் ககாரின் முதலான அறுவரும் ஒருவர் பின் ஒருவராக அதற்குள் சாய்ந்தமர்ந்து பரீட்சை கொடுத்துத் தேறியதையும் இத்தொடரின் முந்தைய பகுதிகளில் பார்த்தோம்.

கலம் எந்தத் தேசத்துக்கு மேலே செல்கிறது என்பதைத் தானே சுழன்று காட்டும் சிறு பூகோள உருண்டை ஒன்று அந்தப் பலகையில் இருந்தது. பூமியின் ஓட்டத்தை வளையமாகக் காட்டும் 'வ்ஸோர்' என்ற பார்வைக் கருவி இருந்தது. நிஜக் கலத்தில் 143.625 மெகாஹெர்ட்ஸிலும், அதனோடு சிற்றலைகளிலும் பேசிய 'ஸார்யா' வானொலிக்குப் பதிலாக, இங்கே பயிற்சியாளரின் குரலே தரை நிலையத்தின் குரலாகக் காதில் ஒலித்தது. அந்தக் குரலுக்குரியவர்களில் ஒருவர் மார்க் கல்லாய் என்ற அனுபவம் முதிர்ந்த பரீட்சை விமானி.

இவ்வளவையும் கற்றுக் கொடுத்துவிட்டு, கையால் கலத்தைத் திருப்பும் அதிகாரத்தை மட்டும் 1-2-5 என்ற ரகசிய எண்ணுக்குப் பின்னால் பூட்டி வைத்தார்கள். விண்வெளியில் மனிதனுக்குச் சித்தம் கலங்கிவிடுமோ என்று வைத்தியர்கள் அஞ்சியதே காரணம். மனிதனை நம்புவதா, யந்திரத்தை நம்புவதா என்று அன்று எழுந்த விவாதம் ககாரினின் 108 நிமிஷப் பிரயாணத்தோடு முடிந்துவிடவில்லை.

இருபத்தோரு வருஷங்களுக்குப் பின்னர் அந்த விவாதத்தின் நடுவே இந்தியர் இருவர் வந்து அமர்ந்தார்கள். இந்த வாரம் அவர்களுடைய கதை.

★

இரு விமானிகள், ஒரு மொழி

1982ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், இந்திய விமானப் படையின் பரீட்சை விமானிகளுக்குள்ளிருந்து, பெங்களூரில் உள்ள விமான மருத்துவக் கழகத்தின் கடுமையான சோதனைகளுக்குப் பிறகு, ஸ்குவாட்ரன் லீடர் ராகேஷ் சர்மாவும் விங் கமாண்டர் ரவீஷ் மல்ஹோத்ராவும் சோவியத் விண்கலப் பிரயாணத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். முன்னவர் 1971ஆம் வருஷத்து யுத்தத்தில் மிக்-21 விமானம் ஓட்டியவர். இருவருமே புதிய விமானத்தின் குணதோஷங்களை உயிரைப் பணயம் வைத்து அறிந்து சொல்வதையே உத்தியோகமாகக் கொண்டவர்கள்.

மாஸ்கோவுக்கு வெளியே, பிர்ச் மரக் காட்டுக்குள் அமைந்த நட்சத்திர நகரம் என்ற விண்வெளி வீரர் பயிற்சி நகரத்தை அடைந்ததும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை விசைகளும் கைப்பிடிகளும் அல்ல, ரஷ்ய இலக்கணப் புத்தகங்களே. நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம் மொழிப் பாடம் நடந்தது. கலத்தின் பலகையில் உள்ள எழுத்துக்கள் ரஷ்ய எழுத்துக்கள். வானொலியில் வரும் உத்தரவுகள் ரஷ்ய உத்தரவுகள். அபாயம் நேரும் கணத்தில் ஒரு சொல்லை மனத்துக்குள் ஹிந்திக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றிப் பொருள் காண்பதற்கு ஒரு வினாடி கூட மிச்சமிராது. ஆகவே கருவிகளைக் கற்பதற்கு முன்பு, அக்கருவிகள் பேசும் பாஷையைக் கற்பதே முதல் அப்பியாசமாயிற்று.

இந்த விஷயத்தின் அருமை, சென்னைக்கு மேற்கே ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் வசிக்கும் வாசகர்களுக்கு ஓரளவு சுலபமாகவே விளங்கும். 1961இல் நிறுவப்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, முதலில் ஆங்கிலேயரின் வடிவமைப்பில் 'விஜயந்தா' டாங்கியைக் கட்டி, பிறகு எண்பதுகளில் சோவியத் வடிவமைப்பான டி-72 டாங்கியை 'அஜேயா' என்ற பெயரில் கட்டத் தொடங்கிய வரலாறு இங்கே பல குடும்பங்களின் சொந்த வரலாறு. அந்த டாங்கிக்குள் மூவரே அமர்வார்கள். குண்டு நிரப்பும் நான்காமவரின் வேலையை யந்திரம் ஏற்றுக்கொண்டுவிட்டது. இந்த விமானிகள் இருவரும் பயின்ற சோயூஸ்-டி விண்கலத்திலும் ஆசனங்கள் மூன்று. அதிலும் மனிதன் செய்துவந்த காரியங்களில் பெரும் பகுதியைக் கணினி ஏற்றுக்கொண்டது. ஆட்களைக் குறைத்து வேலையை யந்திரத்திடம் ஒப்படைக்கும் இந்தப் பொறியியல் சித்தாந்தத்தில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. யந்திரம் நின்றுபோனால், எஞ்சியிருக்கும் சிலர் அதன் வேலையையும் தங்கள் வேலையையும் சேர்த்துச் செய்யத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

அந்த நிபந்தனையைப் பூர்த்தி செய்வதற்கென்றே நட்சத்திர நகரத்தின் பயிற்சிக் கலங்கள் இருந்தன.

★

பறக்காத கலத்தின் உள்ளே

சோயூஸ் கலம் பூமிக்குத் திரும்பி வரும் பகுதி, அதன் அகன்ற இடத்தில் 2.2 மீட்டர் குறுக்களவே உள்ளது. அதற்குள் மூவர், முழங்கால்களை மார்பை நோக்கி மடக்கி, மல்லாந்த நிலையில் அமர வேண்டும். நடுவில் தலைவர், அவருடைய இடப் பக்கத்தில் கலப் பொறியாளர், வலப் பக்கத்தில் 'ஆராய்ச்சி விண்வெளி வீரர்' என்ற பட்டத்தோடு வரும் மூன்றாமவர். நட்பு நாடுகளிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு உரிய இடம் அந்த வலது பக்கத்து ஆசனம்தான்.

தலைவரின் வலக் கைப்பிடி கலத்தைத் திருப்பும். இடக் கைப்பிடி அதை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தும். அவருக்கு எதிரே, கலத்துக்கு வெளியே நோக்கும் பெரிஸ்கோப்பின் வட்டத் திரை. வஸ்தோக்கின் 'வ்ஸோர்' கருவியின் வாரிசு அது. கலம் விண்வெளி நிலையத்தை அணுகும்போது நிலையத்தின் பிம்பம் இந்தத் திரையில்தான் விழும்.

பயிற்சிக் கலத்தில் இவை யாவும் நிஜக் கலத்தில் உள்ளவாறே இருக்கும். ஆனால் கலத்தின் சுவருக்கு அப்பால் அண்ட வெளிக்குப் பதிலாகப் பயிற்சியாளரின் மேஜை இருக்கும். உள்ளே இருப்பவர் பார்க்கும் ஒவ்வொரு கருவியின் காட்டலையும் அவர் வெளியிலிருந்து பார்ப்பார். தொலைக்காட்சிக் காமிரா வழியாக முகங்களை நோக்குவார். வானொலிக் கம்பியின் வழியாகத் தரை நிலையமாகப் பேசுவார். அதோடு, யாரிடமும் சொல்லாமல், திடீரென்று ஒரு பம்ப்பை நிறுத்துவார். ஒரு மின்கலத்தைச் செயலிழக்கச் செய்வார். ஓர் அளவுமானியைப் பொய் சொல்ல வைப்பார்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளில், புதிதாக வந்த அப்ரண்டிஸிடம் நல்ல இரும்பைக் கொடுக்குமுன் கழிவுத் துண்டைக் கொடுத்து லேத்தில் கைவரச் செய்யும் மேஸ்திரியைப் பார்த்திருக்கிறோம். பயிற்சிக் கலமும் அப்படிப்பட்டதோர் ஏற்பாடுதான். இங்கே கெடுப்பதற்கென்று கொடுக்கப்படுவது இரும்புத் துண்டு அல்ல, ஒரு முழுப் பிரயாணம்.

மேஸ்திரிக்கு உள்ள எல்லை பயிற்சியாளருக்கும் உண்டு. தாம் கண்ட பிழைகளையும், தம்மால் கற்பனை செய்ய முடிந்த பிழைகளையும்தான் அவர் கற்றுக் கொடுக்க முடியும். தாம் ஒருநாளும் நினைத்துப் பாராத பிழையை எந்த மேஜையிலிருந்து அவர் அனுப்புவார்?

1983ஆம் வருஷம் இந்தக் கேள்விக்கு இரண்டு முறை பதில் சொல்லியது. அந்தப் பதில்களைக் கேட்பதற்கு முன்னால், சோயூஸ்-டி கலத்தின் முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

★

கணினியின் கை, மனிதனின் கை

சோயூஸ்-டி வகைக் கலத்தின் பெருமை, அதற்குள் இருந்த 'ஆர்கோன்' என்ற கணினி. 'இக்லா' என்ற ரேடார், நிலையத்தின் தூரத்தையும் திசையையும் வேகத்தையும் அளந்து தெரிவிக்க, கலம் தானாகவே நிலையத்தை அணுகி இணைய வேண்டும் என்பது ஏற்பாடு. மனிதர்கள் மேற்பார்வை செய்தால் போதும்.

ஆனால், 1980 ஜூன் மாதம், யூரி மாலிஷெவும் விளாதிமிர் அக்ஸ்யோனோவும் இந்த வகைக் கலத்தில் முதன்முதலாகச் சல்யூத்-6 நிலையத்தை நெருங்கியபோது, கடைசிக் கட்டத்தில் கணினி வழிநடத்துதலில் தவறியது. மாலிஷெவ் கைப்பிடிகளைப் பற்றி, தம் கண்ணையும் கையையும் கொண்டே கலத்தை இணைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து, 1982 ஜூனில், பிரெஞ்சு விமானி ழான்-லூ கிரெத்தியான் வலது பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து சென்ற பிரயாணத்தில், சல்யூத்-7 நிலையத்துக்குச் சுமார் 900 மீட்டர் தூரத்தில் கணினி மறுபடியும் கைவிட்டது. தலைவர் விளாதிமிர் ஜானிபெகோவ் கையாலேயே கலத்தைக் கொண்டு சேர்த்தார்.

கிரெத்தியானைப் பற்றி விண்வெளி வட்டாரங்களில் ஒரு கதை சொல்வதுண்டு. தேர்ந்த பரீட்சை விமானியாகிய தம்மை எந்த விசையையும் தொடவிடாமல் சும்மா உட்கார வைத்திருப்பதைச் சகியாமல், ஒரு நாள் பயிற்சிக் கலத்துக்கு அவர் ஒரு தலையணையோடு வந்து சேர்ந்தாராம். வேலையொன்றும் இல்லையென்றால் தூங்கவாவது செய்யலாம் அல்லவா! கதையில் எவ்வளவு உண்மையோ எவ்வளவு அலங்காரமோ, வலது பக்கத்து ஆசனத்தின் சங்கடத்தை அதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

ராகேஷ் சர்மாவும் ரவீஷ் மல்ஹோத்ராவும் நட்சத்திர நகரத்தில் கால் வைத்தபோது நிலைமை இதுதான். யந்திரம் அடிக்கடி தவறியது. ஒவ்வொரு தவறையும் நடு ஆசனத்துக்காரர் திருத்திவிட்டார். ஆகவே, யந்திரம் தவறினாலும் மனிதன் இருக்கிறான் என்ற நம்பிக்கை அங்கே வேரூன்றியிருந்தது.

அந்த நம்பிக்கை அடுத்த வசந்தத்தில் உடைந்தது.

★

நூற்றறுபது மீட்டர்

1983 ஏப்ரல் 20ஆம் தேதி விளாதிமிர் தித்தோவ், கெனாதி ஸ்த்ரெகாலோவ், அலெக்சாந்தர் செரெப்ரோவ் ஆகிய மூவரும் சோயூஸ் டி-8 கலத்தில் சல்யூத்-7 நிலையத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். ராக்கெட் மேலே ஏறும்போது, கலத்தைப் போர்த்தியிருந்த மூடி இரண்டாகப் பிளந்து விலகியது. விலகும்போது 'இக்லா' ரேடாரின் ஆண்டெனாவையும் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

கலம் குருடாயிற்று. கணினி கெடவில்லை, கைப்பிடிகள் கெடவில்லை, வானொலியும் கெடவில்லை. நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறோம் என்ற இரண்டே இரண்டு எண்களைச் சொல்வதற்கு மட்டும் ஆளில்லை.

முன்பு மாலிஷெவும் ஜானிபெகோவும் கையால் இணைத்தபோது, அவர்களை நிலையத்தின் அருகே வரை கொண்டுவந்து விட்டிருந்தது ரேடாரே என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. தித்தோவுக்கோ தொடக்கத்திலிருந்தே அந்தத் துணை இல்லை. தரையில் உள்ள ரேடார்கள் கலத்தையும் நிலையத்தையும் தனித்தனியே அளந்து கணக்கிட்டுச் சொல்லும் தகவலையும், தம் எதிரே உள்ள திரையில் விழும் பிம்பத்தையும் மட்டுமே ஆதாரமாகக் கொண்டு அவர் அணுக வேண்டியிருந்தது.

மேலிருந்து கீழ்வரை எல்லோரும் ஆலோசித்து, முயன்று பார்க்கலாம் என்று அனுமதி தரப்பட்டது.

கலம் நெருங்கியது, பிம்பம் பெரிதாயிற்று. ஆனால் கடைசிக் கட்டத்தில் கலமும் நிலையமும் பூமியின் நிழலுக்குள் புகுந்தன. பிம்பம் வளர்கிறதா, எவ்வளவு விரைவாக வளர்கிறது என்று நிர்ணயிப்பதற்கு வெளிச்சம் வேண்டும்; அந்த வெளிச்சம் இல்லை. நிலையத்துக்கு ஏறக்குறைய 160 மீட்டர் தூரம் இருக்கையில், தாம் வரும் வேகம் அளவுக்கு மிஞ்சியது என்று தித்தோவின் உள்ளுணர்வு எச்சரித்தது. ஏழு டன்னுக்குச் சற்றே குறைந்த தம் கலம் மோதினால், அதன் பிறகு கலமும் இராது, நிலையமும் இராது.

அவர் இணைக்கும் ஆசையைக் கைவிட்டார். வேகத்தைக் குறைத்து, கலத்தை விலக்கி, சல்யூத்-7ஐக் கடந்து இருட்டுக்குள் போனார்.

மறுபடி முயல்வதற்கு எரிபொருள் போதவில்லை. 22ஆம் தேதி மூவரும் வெறுங்கையோடு பூமிக்குத் திரும்பினார்கள். இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. தெரியாத வேகத்தோடு இருட்டில் ஒரு நிலையத்தின் மீது போய் விழாமல், தன் அறியாமையின் எல்லையை அறிந்து விலகிய அந்த முடிவைக் காட்டிலும் பெரிய சாமர்த்தியத்தை அந்த வருஷத்தில் எந்த விண்வெளி வீரரும் காட்டவில்லை என்பதே என் தீர்ப்பு.

ஆயினும் பாடம் பாடம்தான். இக்லா பழுதாகலாம் என்று பயிற்சியாளர்கள் நினைத்திருந்தார்கள். இக்லாவே இல்லாமல், இருட்டில், முதலிலிருந்து கடைசிவரை ஒருவர் அணுக வேண்டிவரும் என்பதற்கு அவர்களிடம் ஒரு பாடத்திட்டம் இல்லை.

★

தொண்ணூறு வினாடி

அதே தித்தோவுக்கும் அதே ஸ்த்ரெகாலோவுக்கும் மறுபடி ஒரு சந்தர்ப்பம் கொடுக்கப்பட்டது. 1983 செப்டம்பர் 26ஆம் தேதி, பைகோனூரில் நள்ளிரவை ஒட்டிய வேளையில், ககாரின் புறப்பட்ட அதே மேடையில், இருவரும் ராக்கெட்டின் உச்சியில் காத்திருந்தார்கள். இந்தியர் இருவரும் அப்போது நட்சத்திர நகரத்தில் தங்கள் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் அடியெடுத்து வைத்திருந்தார்கள்.

புறப்பாட்டுக்கு ஏறக்குறைய தொண்ணூறு வினாடி இருக்கையில், ஒரு வால்வு ஒழுங்காக மூடவில்லை. எரிபொருள் மேடையில் கசிந்தது. தீப்பற்றியது.

கலத்துக்குள் இருந்த இருவரும் தீயைக் காணவில்லை. மூடிக்கு உள்ளே இருந்தவர்களுக்கு ஜன்னல் ஏது? ஏதோ ஓர் அதிர்வு, அதைத் தொடர்ந்து வேறொரு விதமான நடுக்கம், அவ்வளவுதான் தெரிந்தது.

இத்தகைய ஆபத்தில் வீரர்களைக் கலத்தோடு பிடுங்கிக்கொண்டு போவதற்கு, ராக்கெட்டின் தலையில் ஒரு தப்பும் கோபுரம் உண்டு. அதை இயக்கும் உத்தரவு செல்வதற்குக் கம்பிகள் இருந்தன. தீ முதலில் தின்றது அந்தக் கம்பிகளைத்தான்.

எஞ்சியிருந்தது வானொலி ஒன்றே.

வானொலி வழியாக அந்த உத்தரவைத் தவறுதலாக யாரும் அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக, வெவ்வேறு அறைகளில் அமர்ந்திருக்கும் இருவர், ஐந்து வினாடிக்குள் தத்தம் பொத்தானை அழுத்தினால்தான் அது செல்லும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒருவர் முந்தி மற்றவர் பிந்தினால் பயனில்லை. விபத்தைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்ட அந்தப் பூட்டு, விபத்து நடந்துகொண்டிருக்கும் கணத்தில் உயிர்களுக்கும் மரணத்துக்கும் நடுவே நின்றது.

வெளியே நின்றவர்கள் தீயைக் கண்டார்கள். சங்கேதச் சொல்லைக் கொடுத்தார்கள். இரண்டு அறைகளிலும் இரண்டு விரல்கள் அழுத்தின.

தப்பும் கோபுரத்தின் யந்திரங்கள் ஐந்து வினாடி எரிந்தன. அந்த ஐந்து வினாடியில் இரு வீரர்களின் உடம்பும் தம் எடையைப் போல் பதினான்கு முதல் பதினேழு மடங்கு கனத்தது. கலம் மேலே பாய்ந்த சில வினாடிகளில் கீழே ராக்கெட் வெடித்துச் சிதறியது. பாரசூட் விரிந்து, மேடையிலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர் தூரத்தில் கலம் இறங்கியபோது, புறப்பட்டு ஐந்தரை நிமிஷம் கூட ஆகியிருக்கவில்லை. மேடை மணிக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தது.

தாம் முதலில் செய்த காரியம், கலத்துக்குள் பேசுவதைப் பதிவு செய்யும் கருவியை நிறுத்தியதுதான் என்று தித்தோவ் பிற்காலத்தில் சொன்னார். அந்த வேளையில் இருவர் வாயிலிருந்தும் வந்த சொற்கள் சரித்திரத்துக்கு உகந்தவையாக இல்லையாம்.

இத்தனையும் நடந்ததைச் சோவியத் அரசாங்கம் அன்று உலகுக்கு அறிவிக்கவில்லை. மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாக வாங்கிப் படித்து, ககாரினையும் தெரஷ்கோவாவையும் வீட்டுப் பிள்ளைகளைப் போல் அறிந்திருந்த நம்மூர் வாசகர்கள் கூட, அந்த இரவைப் பற்றி ஒரு வரியும் அன்று கேள்விப்படவில்லை. அந்தப் புத்தகங்களில் வெற்றிகள் அழகாக அச்சிடப்பட்டிருந்தன. அந்த வெற்றிகளுக்கு விலையாகிய தோல்விகள் நட்சத்திர நகரத்தின் மதில்களுக்கு உள்ளேயே இருந்தன.

நம் விமானிகள் இருவரும் அந்த மதில்களுக்கு உள்ளே இருந்தார்கள்.

★

மூன்று ஆசனங்களில் யார் யார்

இந்தியப் பிரயாணத்துக்கு முதலில் வகுக்கப்பட்ட அணியில் யூரி மாலிஷெவ் தலைவர். நிகலாய் ருகவிஷ்னிகோவ் பொறியாளர். ராகேஷ் சர்மா மூன்றாமவர். மாற்று அணியில் அனதோலி பெரெசோவோய், கியோர்கி கிரெச்கோ, ரவீஷ் மல்ஹோத்ரா. மாற்று அணிக்கும் முதல் அணிக்கும் பயிற்சியில் எந்த வித்தியாசமும் இல்லை. கடைசி நாள்வரை மல்ஹோத்ராவும் அதே கலத்தில், அதே பழுதுகளைச் சந்தித்து, அதே பரீட்சைகளை எழுதினார் என்பதை நம் நாடு போதிய அளவு நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

ருகவிஷ்னிகோவ் சாமானியர் அல்லர். 1979இல், பல்கேரிய வீரர் ஒருவரோடு சென்றபோது யந்திரம் பழுதாகி, நிலையத்தை அடைய முடியாமல், உடலை நசுக்கும் வேகத்தோடு பூமிக்குத் திரும்பி உயிர் பிழைத்தவர். அவருக்கு உடல்நலம் குன்றியது. அவருடைய இடத்தில் வேறொருவரை அமர்த்த வேண்டியதாயிற்று.

அமர்த்தப்பட்டவர் கெனாதி ஸ்த்ரெகாலோவ்.

நூற்றறுபது மீட்டரில் நிலையத்தைத் தவறவிட்ட கலத்திலும், தீப்பற்றிய மேடையின் உச்சியிலும் அமர்ந்திருந்த அதே ஸ்த்ரெகாலோவ்! ஒரே வருஷத்தில் இரண்டு முறை சல்யூத்-7ஐ அடைய முயன்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பப்பட்டவர், மூன்றாவது முறையாக, இந்தியரோடு அதே நிலையத்துக்குப் புறப்பட வேண்டியவரானார். அபசகுனம் பார்க்கும் மனம் உள்ளவர்கள் இதைக் கேட்டு முகம் சுளித்திருக்கலாம்.

நான் வேறு விதமாக நினைக்கிறேன். பயிற்சிக் கலத்தின் வலது பக்கத்து ஆசனத்தில் சாய்ந்திருந்த ராகேஷ் சர்மாவுக்குப் பக்கத்தில், கணினி தவறிய கணத்தில் கையால் கலத்தை இணைத்த ஒருவரும், கையாலும் இணைக்க முடியாத கணம் ஒன்று உண்டு என்பதை நேரில் கண்ட ஒருவரும் அமர்ந்திருந்தார்கள். எந்தப் பயிற்சியாளரும் தம் மேஜையிலிருந்து அனுப்பத் தெரியாத பழுதுகள், மனித உருவத்தில், ஒரு முழ தூரத்தில் இருந்தன. அந்தக் கலத்தில் இருந்த கருவிகளுக்குள் விலை மதிப்பற்றவை அந்த இரு மனிதர்களின் ஞாபகங்களே.

1984 பிப்ரவரியில் கிஸிம், சொலவியோவ், அத்கோவ் ஆகிய மூவர் தடையின்றிச் சல்யூத்-7ஐ அடைந்து அங்கே குடியேறினார்கள். வழி திறந்தது போல் தோன்றியது.

ஏப்ரல் 3ஆம் தேதி, ககாரின் மேடை தீயின் வடு ஆறாமல் இருந்த காரணத்தால், பைகோனூரின் மற்றொரு மேடையிலிருந்து சோயூஸ் டி-11 புறப்பட்டது. நம் நாட்டு நேரம் மாலை 6 மணி 38 நிமிஷம். அம்பத்தூரில் வேலை முடிந்து மின்சார ரயிலுக்குக் கிளம்பியவர்கள், தங்களோடு அதே சூரியாஸ்தமன வேளையில் இந்தியர் ஒருவர் முதன்முதலாகப் பூமியை விட்டுக் கிளம்பினார் என்பதை, வீடு சேர்ந்து வானொலியைத் திருப்பிய பிறகுதான் அறிந்திருப்பார்கள்.

ராக்கெட் எரியவில்லை. மூடி ஒழுங்காகப் பிரிந்தது. ஆண்டெனா தன் இடத்தில் இருந்தது. நிலையத்தை அடைய இன்னும் ஒரு நாள் இருந்தது.

மறுநாள் இரவு சல்யூத்-7 திரையில் தோன்றியபோது மாலிஷெவின் கைகள் எங்கே இருந்தன, வலது பக்கத்து ஆசனத்தில் இருந்தவருக்கு என்ன வேலை கிடைத்தது என்பவற்றை அடுத்த வாரம் விரிவாகக் காண்போம். ஆனால் அதற்குள் வாசகர்கள் யோசித்து வைக்க வேண்டிய பெரிய கேள்வி ஒன்று உண்டு. நம்மவர் இருவர் ஒன்றரை வருஷம் அமர்ந்து, ரஷ்ய மொழியையும் கருவிகளையும் பழுதுகளையும் கற்றுத் தேர்ந்து திரும்பிய பிறகு, சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உள்ளிட்ட இந்திய விமானிகள் நால்வர் 2020 பிப்ரவரியில் அதே நட்சத்திர நகரத்துக்கு மறுபடியும் மாணவர்களாகப் போய்ச் சேரும் வரை, முப்பத்தாறு வருஷங்கள் கழிந்தன. இத்தனை காலமும், 1984இல் கற்ற பாடத்தை இந்தியா யாரிடம் ஒப்படைத்து வைத்திருந்தது?

(அடுத்த வாரம் தொடரும்)